கருவி எழுதிய வரைவைத் திருத்தப் பாதிக் கூலி: உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். சொல் கணக்கில் கூலி தந்துவந்த நிறுவனம், இப்போது சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிய மருத்துவக் கட்டுரைகளை அனுப்பி, "திருத்தம் மட்டும்தானே" என்று பாதித் தொகை தருவதாக எழுதியிருந்தீர்கள். அந்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

நீரிழிவு பற்றிய வரைவில் "ஆய்வுகள் காட்டுகின்றன" என்றொரு வரி வந்தால், எந்த ஆய்வு, யார் நடத்தியது, அப்படி ஒன்று உண்டா என்று தேடிப் பார்ப்பதற்கே, அந்தப் பத்தியைப் புதிதாக எழுதுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். 2023இல் நியூயார்க்கில், இக்கருவி புனைந்து தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. பொறுப்பு கையெழுத்திட்டவர்கள் மீதே விழுந்தது. உங்கள் பெயரில் வெளியாகும் கட்டுரையில் மருந்தளவு தவறினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே மணிக்கணக்கில் கட்டணம் கேளுங்கள். அடுத்த வரைவை, செய்த மாற்றங்களைக் காட்டும் 'ட்ராக் சேஞ்சஸ்' வசதியுடன் திருத்தி, செலவான நேரத்தையும் குறித்து அனுப்புங்கள். பேரம் பேச அதைவிட வலுவான சான்று கிடையாது. கருவி எழுதிய வரைவு எது என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பின் 2023இல் இதே உரிமையை ஸ்டூடியோக்களிடம் பெற்றது. தனியாளுக்கு அந்தப் பலம் இல்லைதான்; ஆனாலும் கேளுங்கள்.

நேர்காணல் ஒலிப்பதிவை எழுத்தாக்க நீங்களும் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மருத்துவரிடம் நேரில் கேட்டு எழுதும் கட்டுரைகளுக்கு மட்டும் பழைய கூலியிலிருந்து ஒரு காசும் குறைக்காதீர்கள்.