கழற்றி மாட்டும் கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஆண்டு உழைக்கும்?

கேள்வி: என் மகள் அனிமேஷன் படிக்கிறாள். கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய லேப்டாப்பைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினால், அவ்வப்போது கார்டை மாற்றி எட்டு, பத்து ஆண்டுகள் ஓட்டிவிடலாமா?

பதில்: கார்டைக் கழற்ற முடிந்தால் மட்டும் போதாது; அதே இடத்தில் மாட்டுவதற்கு அடுத்த கார்டை யாராவது தயாரித்துத் தர வேண்டும். பெரும்பாலும் கணக்குத் தவறுவது இங்கேதான்.

லேப்டாப்புகளுக்கென ஒரு பொதுவான கார்டு வடிவம் இருக்கட்டும் என்று 2004-லேயே என்விடியா ‘எம்.எக்ஸ்.எம்.’ முறையைக் கொண்டுவந்தது. ஆனால் கார்டின் அளவு, வெப்பத் தகட்டின் அமைப்பு, பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) ஆகியவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபட்டதால், ஒன்றில் ஓடிய கார்டு இன்னொன்றில் ஓடும் என்று நம்ப முடியவில்லை. நான் வைத்திருந்த அப்படியொரு பழைய லேப்டாப்பில் வேறொரு கார்டை வாங்கி மாட்டினேன். திருகுகள் சரியாக இறங்கின. ஆனால் செப்புத் தகடு இரண்டு மெமரி சிப்புகளின் மீது படியவில்லை, ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி. ரெண்டரிங் (காட்சியை இறுதிப் படமாக்கும் கணிப்பு) தொடங்கிய பத்தாவது நிமிடம் திரை உறைந்துவிடும். கடைசியில் பழைய கார்டையே திரும்ப மாட்டினேன்.

டெல் நிறுவனம் 2019-ல் ஏலியன்வேர் ஏரியா-51எம் லேப்டாப்பைத் தனக்கே உரிய கார்டு வடிவத்துடன் வெளியிட்டது. அடுத்த ஆண்டு என்விடியாவின் புதிய ஆர்.டி.எக்ஸ். சூப்பர் கார்டுகள் வந்தபோது அவை அதன் இரண்டாம் பதிப்பில் இடம்பெற்றன. முதல் பதிப்பை வாங்கியவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதன் தொடர்பில் 2021-ல் அமெரிக்காவில் வழக்கும் தொடுக்கப்பட்டது.

நம்பிக்கை தரும் உதாரணம் ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 16. 2024-ல் ஏ.எம்.டி. ரேடியான் ஆர்.எக்ஸ். 7700எஸ் கார்டுடன் கைக்கு வந்த இந்த லேப்டாப்புக்கு, 2025-ல் என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5070 கார்டும் வெளியானது. முதலில் வாங்கியவர்களும் அதைத் தங்கள் பழைய லேப்டாப்பிலேயே மாட்டிக்கொள்ளலாம். விசிறியும் வெப்பத் தகடும் கார்டுடன் சேர்ந்தே வருவதால், நான் பட்ட பாடு அதில் இல்லை. கார்டை மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றிய அந்த நிறுவனத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் அந்த ஒரு கார்டின் அறிமுக விலையே 699 டாலர். மெமரியோ 8 ஜிபி. அதே பெயரில் விற்கும் டெஸ்க்டாப் கார்டில் 12 ஜிபி இருக்கிறது, 250 வாட் வரை மின்சாரம் எடுத்துக்கொண்டு வேலை செய்கிறது. காட்சி சற்றுப் பெரிதானால், அனிமேஷனில் முதலில் போதாமல் போவது இந்த மெமரிதான்.

ஆகவே, எதிர்காலக் கார்டை நம்பி இன்று குறைவான கார்டை வாங்காதீர்கள். ரேம், எஸ்.எஸ்.டி., பேட்டரி மூன்றையும் மாற்ற முடிகிற, உங்கள் ஊரில் சர்வீஸ் உள்ள ஒரு நடுத்தர லேப்டாப்பை மகளுக்கு வாங்கிக்கொடுங்கள்; மிச்சமாகும் பணத்தை வீட்டில் வைக்கும் டெஸ்க்டாப்புக்கு ஒதுக்குங்கள். பவர் சப்ளையும் கேபினெட்டில் இடமும் போதுமானால், அதில் எந்த நிறுவனத்தின் கார்டையும் மாட்டலாம்.