கிட்டில் ஏறிவிட்ட ஃபைலை ரெப்போவிலிருந்து மட்டும் நீக்குவது எப்படி?

தண்டையார்பேட்டையில் துணிக்கடைகளுக்கு பில்லிங் புரோகிராம் எழுதும் நண்பரின் கேள்வி இது. பாஸ்வேர்டு உள்ள கான்ஃபிக் (செட்டிங்ஸ்) ஃபைல் தெரியாமல், புரோகிராமின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஏறிவிட்டது; அது தன் கணினியில் இருக்க வேண்டும், கிட்டின் சேமிப்பிடமான ரெப்போவில் இருக்கக் கூடாது என்கிறார்.

‘கிட் ஆர்எம்’ என்று அடித்து ஃபைல் பெயரை மட்டும் கொடுத்து என்டர் தட்டிவிடாதீர்கள். ஹார்டு டிஸ்கில் இருப்பதும் சேர்ந்தே போய்விடும். ஆர்எம்முக்கு அடுத்து இரண்டு ஹைஃபன், அதை ஒட்டியே ‘கேஷ்டு’, பிறகு ஃபைல் பெயர். ஃபோல்டர் என்றால் ‘ஹைஃபன் ஆர்’ என்பதையும் சேர்க்க வேண்டும். அப்புறம் வழக்கம்போல் கமிட் (மாற்றத்தைப் பதிவது), புஷ் (அதைப் பொது ரெப்போவுக்கு அனுப்புவது).

கிட் கண்டுகொள்ளக் கூடாத ஃபைல்களின் பட்டியலான கிட்இக்னோரில் பெயரை எழுதினாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிட் ஏற்கெனவே கண்காணிக்கும் ஃபைலை அது ஒன்றும் செய்யாது. நீக்கிவிட்டு, இக்னோரிலும் எழுதுங்கள். இல்லாவிட்டால், ஃபைல்களைச் சேர்க்கும் அடுத்த ‘கிட் ஆட்’டில் திரும்ப ஏறிவிடும்.

கூட வேலை செய்பவர் இதைப் புல் செய்தால் (தன் கணினிக்கு இழுத்தால்) அவர் கணினியில் அந்த ஃபைல் காணாமல் போகும். நகல் எடுத்துவைக்கச் சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை சொல்ல மறந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரி, பாஸ்வேர்டு? பழைய கமிட்டுகளில் அது அப்படியேதான் இருக்கும். எம்.சி. ரோடு கடைக் கணக்கு நோட்டில் இன்றைய பக்கத்தில் ஒரு வரியை அடித்தால் போன வாரப் பக்கம் மாறிவிடுமா? அதனால் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வரலாற்றையே துடைக்க ‘கிட் ஃபில்டர் ரெப்போ’ என்ற தனிக் கருவி உண்டு. ஆனால் அந்த ஃபைல் நுழைந்த இடத்திலிருந்து கமிட் அடையாளங்கள் எல்லாம் மாறும், எல்லோரும் ரெப்போவைப் புதிதாக குளோன் (முழு நகல்) எடுக்க வேண்டிவரும்.