தோற்றவர் திரும்ப வரலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷாங்காய் மாஸ்டர்ஸ் டென்னிஸ் போட்டி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தரவரிசையில் 204ஆம் இடத்தில் இருந்த வாலன்டின் வாஷெரோ தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து, ஜோகோவிச்சையும் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியதில் எனக்கும் சந்தோஷம்தான். அவர் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து வந்தவர். எனக்கு உறுத்துவது வேறு. தகுதிச் சுற்றில் தோற்றவரையே 'லக்கி லூசர்' என்று சொல்லி மெயின் டிராவில், அதாவது பிரதான போட்டிப் பட்டியலில், சேர்த்துக்கொள்கிறார்களே, அது என்ன நியாயம்? நாக்அவுட் என்றால் தோற்றவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதானே? அப்படி உள்ளே வந்தவர், தன்னைத் தோற்கடித்தவரையும் தாண்டிப் போய்விட்டால் ஜெயித்தவருக்கு என்ன மரியாதை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

'போய்விட்டால்' என்று நீங்கள் கேட்டது ஏற்கெனவே நடந்த கதை. 2017 ஜூலையில் ஹாம்பர்க்கில் லியோனார்டோ மேயர் தகுதிச் சுற்றில் ருடால்ஃப் மொல்லெக்கர் என்ற 16 வயதுப் பையனிடம் தோற்றார். மூன்று வருடம் முன்பு அதே ஊரில் கோப்பை வென்றவர் அவர். பிறகு ஒரு இடம் காலியானதும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மொல்லெக்கர் முதல் சுற்றோடு வெளியேறினார், மேயர் பட்டம் வென்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வாரம்தான் குரோஷியாவின் உமாகில் 19 வயது ஆண்ட்ரே ருப்லெவ் இதே வழியில் வந்து தன் முதல் பட்டத்தை எடுத்திருந்தார். அடுத்தடுத்த இரண்டு வாரம், இரண்டு லக்கி லூசர் சாம்பியன்கள்!

ஆனாலும் நான் இந்த விதியின் பக்கம்தான். நீங்கள் தோற்றவரைப் பார்க்கிறீர்கள். வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரையும் கொஞ்சம் பாருங்கள். டிரா போட்டாயிற்று, ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு விலகுகிறார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அவரோடு மோதவேண்டியவர் ஒரு பந்தைக்கூட அடிக்காமல் இரண்டாம் சுற்றுக்குப் போய்விடுவார். மற்றவர்கள் வெயிலில் ஐந்து செட் ஆடிக் களைத்திருக்க, இவர் மட்டும் ஓய்வெடுத்துவிட்டு வருவார். தோற்ற ஒருவரை உள்ளே விடுவதைவிட இது பெரிய அநியாயம். ஆள் வேண்டும், ஓரளவு ஆடத் தெரிந்த ஆள் வேண்டும், அதுவும் அங்கேயே இருக்கிற ஆளாக வேண்டும். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவரைவிடப் பொருத்தமானவர் யார்?

நீங்கள் பாராட்டும் வாஷெரோவும் இப்படி ஒரு சந்தில் நுழைந்தவர்தான். ஷாங்காயில் தகுதிச் சுற்றுப் பட்டியலிலேயே முதலில் அவருக்கு இடமில்லை. மாற்று ஆட்டக்காரராகக் காத்திருந்து, மற்றவர்கள் விலகியதால்தான் தகுதிச் சுற்றுக்குள்ளேயே வந்தார். அவர் அதுவரை தோற்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அப்புறம், லக்கி லூசர் படும் பாடு டிவியில் தெரிவதில்லை. முந்தின நாள் தோற்றவர். மறுநாள் காலை, முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே வந்து பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இடம் காலியானாலும் அடுத்தவருக்குப் போய்விடும். நரம்பு கட்டிய ராக்கெட்டுகளோடு, உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டு, யாராவது விலகுவார்களா என்று லாக்கர் ரூம் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பார். எதிராளி யார், இடது கையா வலது கையா, ஒன்றும் தெரியாது. முதல் சுற்றின் கடைசி ஆட்டம் தொடங்கும் வரை இதே கதை. பெரும்பாலானவர்கள் கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு விமானம் பிடிக்கிறார்கள். உள்ளே வந்தவர்களிலும் ருப்லெவ்கள் குறைவு. 2020 ஆஸ்திரேலிய ஓப்பனில் நம் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் இப்படித்தான் வந்தார். கடைசித் தகுதி ஆட்டத்தில் குல்பிஸிடம் தோற்றவருக்கு வாய்ப்பு அடித்தது. முதல் சுற்றில் ஜப்பானின் தட்சுமா இடோவை ஜெயித்தால் அடுத்தது ஜோகோவிச். மூன்று நேர் செட்களில் தோற்றுப்போனார்.

இந்த விதியில் நிஜமான ஓட்டை ஒன்று இருந்தது. முன்பெல்லாம் தோற்றவர்களில் தரவரிசையில் மேலே இருப்பவருக்குத்தான் முதல் இடம். மெயின் டிராவில் ஒருவர் விலகிவிட்டார் என்று கடைசித் தகுதி ஆட்டத்துக்கு முன்பே தெரிந்துவிட்டால், அந்த முதல் ஆள் எதற்காக உயிரைக் கொடுத்து ஆட வேண்டும்? ஜெயித்தாலும் உள்ளே, தோற்றாலும் உள்ளே. சந்தேகங்கள் கிளம்பின. இப்போது கிராண்ட்ஸ்லாம் என்ற நான்கு பெரிய போட்டிகளில், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களில் மேலே இருக்கும் நான்கு பேரை வைத்துச் சீட்டுக் குலுக்குகிறார்கள். யார் பெயர் வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் வேண்டுமென்றே தோற்பது பைத்தியக்காரத்தனம்.

இன்னொரு ஓட்டை பணத்தில் இருந்தது. 2017 விம்பிள்டன், சென்டர் கோர்ட். கிளிஷான் காயத்தால் பாதியில் கைவிட ஜோகோவிச் அடுத்த சுற்றுக்குப் போனார். அடுத்து அதே மைதானத்தில் டோல்கோபொலோவ் கைவிட ஃபெடரர் போனார். இரண்டுமே இரண்டாவது செட் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டன. டிக்கெட் வாங்கியவர்கள் பாவம். முதல் சுற்றில் தோற்றால்கூடப் பெரிய தொகை என்பதால், உடம்பு முடியாதவர்களும் கோர்ட்டில் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, அந்தத் தொகையில் பயிற்சியாளருக்கும் விமானத்துக்கும் பல மாதம் ஓடும். 2018 முதல் கிராண்ட்ஸ்லாம்களில், காயத்தோடு வந்தவர் கடைசி நேரத்திலானாலும் ஆட்டம் தொடங்கும் முன்பே விலகினால் முதல் சுற்றுப் பணத்தில் பாதி அவருக்கு, மீதிப் பாதி உள்ளே வரும் லக்கி லூசருக்கு. என் கணக்கில் ஆடவர் ஒற்றையரில் சமீப காலத்தில் செய்த உருப்படியான காரியம் இது.

ஒரு விஷயத்தில் நீங்கள் கோபப்படலாம், நானும் சேர்ந்துகொள்கிறேன். சிறிய போட்டிகளில் 28 பேர் டிராவில் முதல் நான்கு சீட்காரர்களுக்கு, அதாவது தரவரிசைப்படி முன்னணியில் வைக்கப்பட்டவர்களுக்கு, முதல் சுற்றே கிடையாது. அவர்களில் ஒருவர் கடைசி நேரத்தில் விலகினால் லக்கி லூசர் அந்தக் கட்டத்தில் அப்படியே உட்கார்ந்து நேரே இரண்டாம் சுற்று ஆடுவார். தோற்றவருக்கு இது கொஞ்சம் ஓவர்தான்.

ஜெயித்தவருக்கு என்ன மரியாதை என்று கேட்டிருந்தீர்கள். டிராவில் அவர் இடம் உறுதி, தகுதி பெற்றதற்குத் தனிப் புள்ளிகளும் உண்டு. மேயர் பிறகு என்ன செய்தாலும் மொல்லெக்கரிடமிருந்து ஒரு புள்ளியும் குறையாது.

உங்கள் கோபத்தை வைல்ட் கார்டு பக்கம், அதாவது போட்டி நடத்துபவர்கள் தங்கள் விருப்பப்படி கொடுக்கும் இடங்கள் பக்கம், திருப்பலாம் என்பது என் யோசனை. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் டிராவில் 128 இடம். 104 பேர் தரவரிசையால் வருகிறார்கள். 16 இடத்துக்குத் தகுதிச் சுற்றில் 128 பேர் மூன்று ஆட்டம் அடித்துக்கொள்கிறார்கள். மீதி எட்டு, போட்டி நடத்துபவர்களின் கையில். ஆஸ்திரேலியா, பிரான்ஸ், அமெரிக்கா மூன்றும் தங்களுக்குள் ஆளுக்கொன்று மாற்றிக்கொள்வதும் இதிலிருந்துதான். உடனே இவானிசெவிச்சைக் காட்டுவார்கள். ஒப்புக்கொள்கிறேன், 125ஆம் இடத்திலிருந்து வைல்ட் கார்டில் வந்து 2001 விம்பிள்டனை வென்றவர், ராஃப்டரோடு அந்த ஐந்தாவது செட் 9-7ஐ நானும் நகம் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன். ஆனால் அவர் ஏற்கெனவே மூன்று முறை அங்கே இறுதிப்போட்டி ஆடியவர். எட்டில் எத்தனை பேர் அப்படி?

என்னைக் கேட்டால் எட்டை நான்காக்கி, மிச்ச நான்கைத் தகுதிச் சுற்றுக்குக் கொடுத்துவிடுவேன். செய்ய மாட்டார்கள். சொந்த நாட்டுப் பையன் முதல் நாள் கோர்ட்டில் இறங்கினால்தான் கூட்டம் சேரும்.