எல்லைக்கு எந்தப் பக்கம் சென்டர்?

கேள்வி: மகள் காமர்ஸ் எடுத்துப் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். "இனிமே எல்லாம் ஆன்லைன்தான், தினம் பஸ் ஏறி காலேஜ் எதுக்கு?" என்கிறாள். எங்கள் கடைவீதியில் ஒரு சென்டரில், தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழக பி.காம். தபால்வழியில் படிக்கலாம், பரீட்சையும் இங்கேயே என்கிறார்கள். மூன்று வருடப் பணத்தையும் இந்த வாரமே கட்டச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள், சகோதரி. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் தொலைநிலைக் கல்வி (அதாவது தபால்வழி) மையத்தைத் தன் மாநிலத்துக்குள்தான் நடத்தலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி. தமிழ்நாட்டுப் பொள்ளாச்சியில் செல்லுபடியாகிற மையம் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் செல்லாது. தனியாருக்கு மையத்தைக் குத்தகை விடவும் அனுமதி இல்லை. பிற்பாடு வேலைக்குச் சான்றிதழைச் சரிபார்க்கும்போதுதான் இந்த வில்லங்கம் தெரியவரும்.

தபால்வழியும் ஆன்லைனும் ஒன்றல்ல. முன்னதில் அச்சிட்ட பாடம், விடுமுறை நாள் வகுப்பு, அசைன்மென்ட். பின்னதில் எல்லாம் இணையத்தில்; அதற்கு மாநில எல்லை கிடையாது. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் இரு மாநிலத்திலும் படிக்கலாம். எதுவானாலும் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டி.இ.பி.யின் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்த ஆண்டு மூன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். போன வருட அனுமதி இந்த வருடமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பணத்தைப் பல்கலைக்கழகத் தளத்திலேயே கட்டுங்கள்.

சேர்வதற்கு முன் ஆதாரைக் கொண்டு ஏ.பி.சி. ஐ.டி. (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் இணையக் கணக்கின் எண்), அதை வைத்து டி.இ.பி. ஐ.டி. எடுக்க வேண்டும். பலர் சிக்குவது இங்கேதான். சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும். முதலில் அதை ஒன்றாக்குங்கள்.

அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் ரெகுலர் பட்டமும் சமம்தான். ஆனால் படிக்கிற பாடு சமமில்லை. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு. மொத்தம் 3,600 மணி நேரம். ஞாயிறு, பொங்கல், ஓணம் பார்க்காமல் நாளுக்கு மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல். பதினேழு, பதினெட்டு வயதில் மணி அடிக்க ஆளில்லாமல் அப்படி உட்காருகிற பிள்ளைகள் குறைவு.

அக்கவுண்டன்சி இன்னும் கஷ்டம். ட்ரயல் பேலன்ஸ், அதாவது பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பட்டியல், 900 ரூபாய் இடிக்கிறது என்று வையுங்கள். வகுப்பில் ஆசிரியர் எட்டிப் பார்த்து, "வித்தியாசம் ஒன்பதால் வகுபடுதே, எங்கேயோ இலக்கத்தை மாத்தி எழுதியிருக்கே" என்பார்; 4,500 என்பது 5,400 ஆகியிருக்கும். வீடியோவில் அவர் போட்ட கணக்கு சரியாக வரும். இவள் போட்ட கணக்கு ஏன் வரவில்லை என்று அது சொல்லாது.

ஆகவே சித்தூரிலோ பாலக்காட்டிலோ ரெகுலர் சீட் கிடைத்தால் அதையே எடுங்கள். 2024 முதல் கேரளத்தில் நான்காண்டுப் படிப்பு வந்திருந்தாலும், மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியே வரலாம். உங்கள் மகள் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. கல்லூரி மாணவர்களே ஒரு செமஸ்டரில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் 'ஸ்வயம்' இணையப் பாடங்களாக எடுக்க 2021 முதல் வழி இருக்கிறது. வகுப்பறை ஒழியப் போவதில்லை, ஆன்லைனும் அதற்குள் வந்து உட்காரப் போகிறது. ரெகுலர் பட்டத்தோடு இன்னொன்றைத் தொலைநிலையில் படிக்கவும் 2022 முதல் யு.ஜி.சி. அனுமதிக்கிறது, கல்லூரி ஒப்புகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சூழ்நிலையால் கல்லூரிக்கு அனுப்பவே முடியாது என்றால் இக்னோ. அசைன்மென்ட்டுக்கு 30, தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். அசைன்மென்ட்டைக் கைடு பார்த்துக் காப்பியடித்தவர்கள் ஜூன், டிசம்பர் தேர்வில்தான் முழிப்பார்கள். நேரலை வகுப்புக்கு மணிக்கு அரை ஜி.பி.க்கு மேலும் போகும். நாளுக்கு ஒன்றரை ஜி.பி. பேக்கை வீட்டில் மூன்று பேர் பங்குபோட்டால் பத்தாது.

இந்த வாரமே கட்டணும் என்கிறாரே, அந்த அவசரம் சென்டர்காரருக்குத்தான். தொலைநிலைச் சேர்க்கை ஜூலையில் தவறினால் ஜனவரியில் இருக்கிறது.