லேண்ட் ரோவர் பானெட்ல ஸ்பேர் டயர்: இந்த வாட்டி வந்த கேள்விங்க

செந்தூல்ல இருந்து: அண்ணே, பானெட் மேல டயர் வச்சா எஞ்சின் சூடாகுமா?

ஆகாது. காத்து முன்னாடி கிரில் வழியாதான் ரேடியேட்டருக்குப் போகுது. சூடாச்சுன்னா ரேடியேட்டர், ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட்டைப் பாருங்க.

ஊர் பேர் போடாதவர்: என் லேண்ட் ரோவருக்கு டயர் மாட்டுற பிராக்கெட் எது சரியா வரும்?

எந்த லேண்ட் ரோவர்னு எழுதவே இல்லையே! சீரிஸ் 1ஆ, 2ஏவா, 3ஆ, டிஃபெண்டரா? டயர் சைஸும் இல்ல. 1948ல இருந்து 2016 வரைக்கும் வந்த வண்டி, நான் எதைன்னு சொல்றது? பானெட்டைத் திறந்து அடிப்பக்கம் தெரியிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்க.

பட்டர்வொர்த்: வொர்க்‌ஷாப்ல நாலு ஓட்டை போட்டு போல்ட் அடிச்சுத் தர்றேன்னு சொல்றாங்க, 150 வெள்ளிதான். பண்ணலாமா?

பண்ணாதீங்க தம்பி. இதையே எத்தனை தடவை எழுதிட்டேன், இன்னும் வாரம் ஒருத்தர் கேட்டுட்டுதான் இருக்கீங்க. பானெட் மேல்தகடு 2 மில்லிகூட இல்லாத அலுமினியம், ஸ்டீல் ரிம்மோட 7.50-16 டயர் முப்பது கிலோவுக்கு மேல வரும், ஒவ்வொரு குழியிலயும் அந்த எடை குதிச்சு அதே நாலு ஓட்டையிலதான் விழுது. நான் கேமரன் மலையில வாங்கின சீரிஸ் 3 அப்படித்தான் வந்துச்சு, யாரோ செஞ்ச வேலை. வாஷரைக் கழட்டிப் பார்த்தா தகட்டுல இருபது காசு அளவுக்குப் பள்ளம், ஒரு ஓட்டையில இருந்து அடுத்த ஓட்டைக்கு முடி மாதிரி விரிசல், இரும்பு பட்ட இடமெல்லாம் வெள்ளைப் பவுடர். இரும்பும் அலுமினியமும் ஒட்டி இருந்து தண்ணி பட்டா அலுமினியம் அரிச்சுடும், உங்க பக்கம் கடல் காத்து வேற. எடை தகட்டுல உக்காரக் கூடாது, அடியில இருக்கிற ஃப்ரேம்லதான் உக்காரணும். டயர் வைக்கவே கம்பெனி செஞ்ச பானெட் பழசு கிடைச்சா அதை வாங்குங்க, அதுல அடியில பலம் குடுத்திருப்பான். கிடைக்கலன்னா ஃப்ரேமோட ரெண்டு பக்கத்தையும் சேர்த்து அடியில ஒரு ஸ்டீல் சேனல், உள்ளங்கை அளவு பிளேட், நடுவுல ரப்பர், நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் இருக்கிறது, ஆட்டத்துல லூஸ் ஆகாது). ஒரு மாசம் ஓட்டிட்டுத் திரும்ப டைட் பண்ணுங்க.

கிள்ளான்: 265/75 டயர் வைக்கலாமா?

உயரம் 7.50 மாதிரியேதான், ஆனா அஞ்சு சென்டி தடிப்பு கூட. மொதல்ல சும்மா பானெட் மேல படுக்க வச்சு சீட்ல உக்காந்து ரோடு தெரியுதான்னு பாருங்க, குள்ளமா இருந்தா வேணாம்.

ஷா ஆலம்: எண்ணெய் பாக்கும்போது பானெட்டைத் தூக்கி நிறுத்துற ஸ்டே கம்பி வழுக்குது.

டயரோட பானெட்டைத் தூக்காதீங்க, முன்னாடியே சொல்லியிருக்கேன். டயரைக் கழட்டி கீழ வச்சுட்டு அப்புறம் தூக்குங்க. அந்தக் கம்பி வெறும் பானெட்டுக்குச் செஞ்சது, உங்க தலை அதுக்கு அடியிலதான் இருக்கு. கம்பி மாட்டுற ஓட்டை தேஞ்சிருந்தா அதையும் மாத்துங்க.

பாலிக் புலாவ்: மழை பெஞ்சா ரிம்ல தண்ணி நிக்குது, பரவாயில்லையா?

பரவாயில்லைன்னு விடாதீங்க, வெயில் மழைன்னா பத்து நாளுக்குள்ள ஏடிஸ் கொசு வளந்துடும், டிங்கி வந்தா வீடே படுத்துடும், புழுவைப் பார்த்தா கம்பவுண்ட் அபராதமும் வரும். கீழ தண்ணி போற ஓட்டையில மண்ணு அடைச்சிருக்கும், கம்பி விட்டுக் குத்துங்க. அப்படியே டயர் பக்கவாட்டுல இருக்கிற கடைசி நாலு நம்பரையும் பாருங்க, 2315ன்னா 2015ல 23வது வாரம். பத்து வருஷம் வெயில்ல காஞ்ச ஸ்பேரை நம்பி மலை ஏறாதீங்க.