மால்போர்க் கோட்டையை டியூட்டானிக் சபையிடமிருந்து போலந்து மன்னர் போரில் பிடித்தாரா?

இல்லை. விலை கொடுத்துத்தான் வாங்கினார். இடைக்கால ஐரோப்பாவில் எனக்கு மிகவும் பிடித்த வியாபாரம் இது.

போலந்தில் நோகாட் ஆற்றங்கரையில் இருக்கும் இந்தக் கோட்டையை 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பத் தொடங்கியது டியூட்டானிக் சபை. கத்தோலிக்கத் துறவியர் சபைதான், ஆனால் கையில் வாள் வைத்திருந்த துறவிகள். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான பிரஷ்யர்களைக் கிறிஸ்தவர்களாக்க வந்தவர்கள் அங்கேயே நாடு அமைத்து ஆண்டார்கள். 1309இல் சபைத் தலைவர் வெனிஸை விட்டு இங்கே குடியேறியதும் கட்டடம் மளமளவென்று பெருகியது. சுவர்களெல்லாம் செங்கல். பரப்பளவில் உலகிலேயே பெரிய கோட்டை என்கிறார்கள். தரைக்குக் கீழே உலை மூட்டிக் கற்களைச் சூடாக்கி, துளைகள் வழியே கூடங்களுக்கு வெப்பக்காற்று விட்டார்கள். ஏழ்மை விரதம் எடுத்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்!

1410 ஜூலை 15 அன்று கிருன்வால்ட் போரில் போலந்து, லிதுவேனியப் படைகளிடம் சபை நொறுங்கியது. தலைவர் உல்ரிக் ஃபொன் யுங்கிங்கன் களத்திலேயே மாண்டார். ஆனால் போலந்து மன்னர் யாகியெல்லோ கோட்டைக்கு வந்து சேர ஏறக்குறைய பத்து நாள் ஆனது. அதற்குள் சபையின் தளபதி ஹைன்ரிக் ஃபொன் பிளாவன் உள்ளே புகுந்து, தானியம் சேர்த்து, எதிரி ஒளிய இடம் கிடைக்கக் கூடாதென்று பக்கத்து ஊரையே கொளுத்திவிட்டார். இரண்டு மாதம் முற்றுகை போட்டும் ஒன்றும் நடக்காமல் மன்னர் திரும்பினார்.

அப்புறம்தான் விஷயமே. 1411 உடன்படிக்கையில் சபை பெரும் நஷ்டஈடு கட்ட வேண்டியதாயிற்று. அதற்காகக் குடிமக்கள் மேல் வரி ஏற, வெறுப்பு முற்றி 1454இல் பிரஷ்ய நகரங்களே போலந்து மன்னர் பக்கம் சாய்ந்தன. பதின்மூன்றாண்டுப் போர் தொடங்கியது. சபை கூலிப்படையை அமர்த்தியது; சம்பளம் கொடுக்கப் பணமில்லை. சரி என்று தலைமைக் கோட்டையையே அவர்களிடம் அடகு வைத்தது. பாக்கி வந்தபாடில்லை. கூலிப்படைத் தலைவரான பொஹீமியாக்காரர் உல்ரிக் செர்வோன்கா, 1,90,000 ஃபுளோரின் நாணயங்களுக்கு அதை மன்னர் நான்காம் கசிமிருக்கே விற்றுவிட்டார். 1457 ஜூனில் மன்னர் உள்ளே நுழைந்தார். சபைத் தலைவர் கோனிக்ஸ்பெர்க் போய்ச் சேர்ந்தார்.

ஊர் மேயர் பார்த்தலோமியஸ் புளூமே மட்டும் விடவில்லை. அதே ஆண்டு ஊரை மீண்டும் சபை வசமாக்கி, கோட்டையில் போலந்துப் படை இருக்கும்போதே 1460 வரை தாக்குப்பிடித்தார். ஊர் விழுந்ததும் அவருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள்.