மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லையே?

கேள்வி: வயது 26. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தலைப்பிரசவம், இப்போது 23 வாரம். மூன்றாம் மாதம் 10.4 இருந்த ஹீமோகுளோபின் இப்போது 9.2. இரும்புச்சத்து மாத்திரை ஒன்று, கால்சியம் ஒன்று, இரண்டையும் காலை டிபன், காபி முடிந்ததும் தவறாமல் போடுகிறேன். மலச்சிக்கல்தான் மிச்சம். தினமும் மாதுளை, பீட்ரூட் ஜூஸ் வேறு. முன்பே நார்மல் என்று வந்த சுகர் டெஸ்ட்டை மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள், அவசியமா? "இனிமே நிறைய சாப்பிட்டா பிள்ளை பெருத்துடும்" என்கிறார் மாமியார். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் மதுரையில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். அதற்குள் என்னென்ன செய்ய வேண்டும்? அதுவரை ஸ்கூட்டி ஓட்டலாமா?

பதில்: மாத்திரையில் குறை இல்லை. போடுகிற நேரத்தில்தான் முதல் குறை.

கர்ப்பத்தின் நடு மாதங்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூடிவிடும். சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. குழம்பில் தண்ணீர் சேர்த்த மாதிரி ரத்தம் நீர்த்துப்போவதால், எல்லாருக்குமே இந்தச் சமயத்தில் எண்ணிக்கை கொஞ்சம் இறங்கும். 10.5 வரை இறங்கினால் இயல்பு என்று விட்டுவிடலாம். 9.2 அப்படியல்ல, மிதமான ரத்தசோகை. கர்ப்பம் முழுவதற்கும் உடம்பு கேட்கும் இரும்பு சுமார் 1 கிராம், நகைக்கடையில் விற்கிற ஒரு கிராம் தங்கக் காசின் எடைதான். ஆனால் விழுங்குவதில் சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சும். அந்தச் சிறு பங்கையும் காபி, டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் பிடித்து வைத்துக்கொள்ளும், கால்சியம் வழிமறிக்கும். நீங்கள் இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

வேலைக்குப் போகிறவருக்கு ஒத்துவரும் கணக்கு இது. காலை 8.30 டிபனோடு கால்சியம், காபியும் அப்போதே. 11 மணிக்கு அலுவலகத்தில் இரும்பு மாத்திரை, கூட அரை எலுமிச்சை பிழிந்த தண்ணீர் அல்லது ஒரு பெரிய நெல்லிக்காய். 10 மணியிலிருந்து 12 வரை டீ, காபி, பால் வேண்டாம். அந்த 11 மணி டீயை விடுவதுதான் கஷ்டமாக இருக்கும். 4 மணிக்குத் தள்ளிவையுங்கள். இரண்டாவது கால்சியமும் எழுதியிருந்தால் அது மதியச் சாப்பாட்டோடு. இரவு 7.30-க்குச் சாப்பிட்டால், 10 மணிக்கு இரண்டாவது இரும்பு மாத்திரை.

இரண்டாவது என்கிறோமே, ஏன்? அரசு தரும் சிவப்பு மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். தினம் ஒன்று என்பது சோகை வராமல் தடுக்கிற அளவு. உங்கள் அளவில் சோகை இருப்பவருக்குத் தினம் இரண்டு. தனியார் மருத்துவமனையில் எழுதும் மாத்திரைகளில் ஒன்றிலேயே 100 மில்லிகிராம் இருப்பதுண்டு. அதனால் அட்டையைத் திருப்பி, 'எலிமென்டல் அயர்ன்' (மாத்திரையில் உள்ள நிஜ இரும்பு) எவ்வளவு என்று பார்த்துவிட்டு, எத்தனை போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகே போடலாம். உறிஞ்சுவது குறையும், ஆனால் விட்டுவிடுவதைவிட மேல். குடற்புழு மாத்திரை (அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே வேளை) நான்காம் மாதத்துக்குப் பிறகு கொடுத்தார்களா என்பதையும் கேளுங்கள். கொக்கிப்புழு இருந்தால் நீங்கள் சேர்க்கும் ரத்தத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும்.

மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். அதைப் போட்டால் பிள்ளை கறுத்துவிடும் என்பார்கள், அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மலச்சிக்கலுக்குக் கொய்யா, வாழைத்தண்டு, ஊறவைத்த உலர்திராட்சை, நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேர நடை. இசப்கோல் எடுக்கலாம், இரும்பு மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி. விளக்கெண்ணெயும் கடையில் கேட்டு வாங்கும் பேதி மாத்திரையும் வேண்டாம்.

மாதுளையைப் பற்றி ஒரு வார்த்தை. நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறோம். 100 கிராம் மாதுளையில் அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அதே எடை முருங்கைக்கீரையில் நான்கு மில்லிகிராமுக்கு மேல். அசைவம் சாப்பிடுபவர் என்றால் நன்றாக வெந்த சுவரொட்டி (ஆட்டின் மண்ணீரல்), ஆட்டுக்கறி. இவற்றின் இரும்பு எளிதில் சேரும். ஈரல் மட்டும் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ கர்ப்பிணிக்கு ஆகாத அளவில் இருக்கிறது. ஜூஸ் பிடித்தால் குடியுங்கள், மருந்தென்று நினைக்காதீர்கள். பச்சரிசி, சாம்பல், ஐஸ்கட்டி என்று மெல்லத் தோன்றுகிறதா? 'வயிற்றுப்பிள்ளை கேட்கிறது' என்று சிரித்துவிட்டுப் போகாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், இரும்புக் குறைவின் அடையாளம் அது.

சரியாக நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். 1 கிராம், அதாவது 10.2 வரை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் வைட்டமின் பி12 குறைவா, தலசீமியா (பரம்பரை ரத்தக் குறைபாடு) மரபணு ஏதும் உண்டா என்று பார்த்து, இரும்பை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். அரசு மருத்துவமனைகளிலும் இந்த வசதி உண்டு. ஏற்றிய இரும்பு ரத்தமாக மாறச் சில வாரம் ஆகும். ஒன்பதாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள்தான் பிரசவத்தில் சாதாரண ரத்தப்போக்கையே தாங்க முடியாமல் தவிக்கிறார்கள்.

சுகர் டெஸ்ட் அவசியம். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும். நஞ்சுக்கொடி வளர வளர இந்தத் தடையும் கூடும். முன்பு நார்மலாக இருந்தது இப்போதைக்குச் சான்று ஆகாது; அதனால்தான் 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி. சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. சில இடங்களில் வெறும் வயிற்றில் வரச்சொல்லி மூன்று முறை எடுப்பார்கள், அதற்கு அளவுகள் வேறு. பெரும்பாலும் சொதப்புவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். கடைக்குப் போய்வருவது, நடுவில் பிஸ்கட் சாப்பிடுவது எல்லாம் முடிவை மாற்றிவிடும். அங்கேயே உட்கார்ந்திருங்கள். குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் மறுபடி செய்ய வேண்டும்.

மாமியார் பயப்படுவதிலும் ஓர் உண்மை இருக்கிறது, ஆனால் இடம் மாறி. பிள்ளை அளவுக்கு மீறிப் பெருப்பதற்கு முக்கியக் காரணம் கட்டுப்படாத சர்க்கரை. நீங்கள் வயிறாரச் சாப்பிடுவதல்ல. இப்போது கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்குச் சுமார் 350 கலோரி: ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல், அவ்வளவே. இரண்டு பேருக்குச் சாப்பிடவும் வேண்டாம், பாதி வயிறாக எழுந்திருக்கவும் வேண்டாம். எடை மாதம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ ஏறினால் சரி. ஒரே வாரத்தில் சட்டென்று ஏறி, முகமும் கையும் வீங்கினால் அது சாப்பாட்டால் வந்ததல்ல. அன்றே ரத்த அழுத்தம் பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவமனைதான். முதுகுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். 20 வாரத்துக்கு மேல் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். குழந்தையின் அசைவு இதுவரை தெரியவே இல்லை என்றால் 24 வாரம் முடிவதற்குள் காட்டிவிடுங்கள்.

இனி மதுரைப் பயணம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதில் மருத்துவக் கண்ணுக்குத் தெரிகிற ஒரே சங்கடம், முக்கியமான பரிசோதனைகள் விழும் வாரங்களில் ஊர் மாறுகிறோம் என்பது. 'அங்கே பார்ப்பார்கள்' என்று இவர்களும், 'அங்கேயே பார்த்திருப்பார்கள்' என்று அவர்களும் விட்டுவிடுவார்கள். சுகர் டெஸ்ட்டைத் திருப்பூரிலேயே முடித்துவிடுங்கள். (வளைகாப்பன்று வேண்டாம், ஐந்து வகைச் சாதமும் இனிப்புமாக நாள் போகும்.) உங்கள் ரத்த வகை நெகட்டிவ், கணவருக்கு பாசிட்டிவ் என்றால் 28-ஆம் வாரம் ஆன்டி-டி ஊசி (தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த வகை ஒத்துப்போகாததால் வரும் சிக்கலைத் தடுப்பது) உண்டா என்று இப்போதே கேளுங்கள். வளைகாப்பு அமளியில் தவறிப்போகிற ஊசி இது. டி.டி. தடுப்பூசி (டெட்டனஸ், டிஃப்தீரியாவுக்கு) இரண்டும் போட்டாயிற்றா என்று அட்டையில் பாருங்கள். ஸ்கேன் அறிக்கைகள், ரத்தப் பரிசோதனைகள், பிக்மி எண் (தமிழக அரசின் கர்ப்பப் பதிவு எண்) எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள். பிக்மி எண் இல்லாவிட்டால் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். மதுரை போன முதல் வாரமே அங்கே பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

விடுப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சம்பளத்தோடு 26 வாரம் உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்திருந்தால் போதும். ஆனால் பிரசவத்துக்கு முன்பு அதில் 8 வாரம்தான் எடுக்கலாம், அதாவது 32-ஆம் வாரத்திலிருந்து. ஏழாம் மாதமே கிளம்பினால் இடைப்பட்ட வாரங்களுக்கு வேறு விடுப்பு தேவைப்படும். கம்பெனியில் இப்போதே எழுதிக் கொடுங்கள்.

ரத்தக்கசிவு, நீர் வடிதல், விடாத தலைவலியோடு கண் மங்குதல், மேல்வயிற்று வலி, விட்டுவிட்டு வயிறு இறுகுதல், இவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் 108.

ஸ்கூட்டி? சோகை இல்லாத கர்ப்பிணி என்றால், இந்த மாதத்தில் நல்ல ரோட்டில் மெதுவாக ஓட்டுவதை ஒரேயடியாகத் தடுக்க மாட்டோம். உங்களுக்கு 9.2. சிக்னலில் நிற்கும்போது தலை சுற்றினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அடுத்த ரத்தப் பரிசோதனை வரை கம்பெனி வேனில் போய்வாருங்கள்.